டிக்கிக்குள் ஒன்பது மணி வெயில்

ஆனி பிறந்தால் ஆவணி முடிகிறவரை சூரியன் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிற குயில்மலை எஸ்டேட்டில், அந்த வருஷம் ஆடி மாதத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, யாரும் வேண்டிக்கொள்ளாமல், எந்தக் கோயிலுக்கும் நேர்ந்துகொள்ளாமல், பளீரென்று வெயில் அடித்தது. வால்பாறைக்கும் மேலே, மேகம் வீட்டுக்குள் வந்து பாயில் படுத்துக்கொள்கிற உயரத்தில் இருக்கிற எஸ்டேட் அது. அங்கே மழைக்காலத்தில் வெயில் வந்தால் நடந்துகொள்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கொழுந்து பறிக்கிறவர்கள் பாதிக் கூடையோடு தங்கள் குடியிருப்பான லைன் வீட்டுக்கு ஓடிவரலாம், மேஸ்திரி அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்வார். கதவு, ஜன்னல், டிரங்குப் பெட்டி, அரிசி டிரம், தலையணை உறை என்று எதெது மூடியிருக்கிறதோ அதையெல்லாம் திறந்து போட வேண்டும். மழை திரும்பி வந்தாலும், வெயில் தானாக எழுந்து போகிறவரை ஒன்றையும் மூடக் கூடாது. விருந்தாளி உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கதவைச் சாத்துகிற மாதிரி அது பெரிய மரியாதைக் குறைவு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பாக்கியநாதனுக்கும் தெரியும். அந்த எஸ்டேட்டின் ஒரே டாக்சிக்காரன் அவன். அவனுக்கு முன்னால் பலபேர் ஓட்டித் தேய்த்த ஒரு வெள்ளைக் கார்தான் அவனுடைய சோறு. வெயிலைக் கண்டதும் அவனும் முறைப்படி நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்து போட்டான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, ஊர் கேட்பதையும் அவர்கள் பதில் சொல்வதையும் நிறுத்தி ரொம்ப நாளான பிறகு, முதல் தடவையாக வயிறு நிறைந்து நின்ற அவன் மனைவி அமலோற்பவம், பழைய வேட்டிகளைச் சதுரமாகக் கிழித்துத் துவைத்து வைத்திருந்த பிள்ளைத் துணிகளைக் கொண்டுவந்து டிக்கிக்குள் விரித்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு முன்கூட்டியே புதுசாக எதையும் வாங்கக் கூடாது என்பதால் பழைய வேட்டி. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் பல நாள் தொங்கவிட்டும் காயாமல், புகை நாற்றம் மட்டும் பிடித்துக் கிடந்த துணிகள் அவை.

வெயில் இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றின் மேலும் வெயிலும் மழையும் சேர்ந்து விழ, லைன் வீடுகளில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள், கணவனையும் இரண்டு மேனேஜர்களையும் அடக்கி ஆண்ட குரலில், "ஏய்யா பாக்கியம், மூடிராத! வெயில் இன்னும் உள்ளதான் இருக்கு!" என்று கத்தினாள். பாக்கியநாதனுக்கு அந்த நேரத்தில் முறையும் தெரியவில்லை, மரியாதையும் தெரியவில்லை. பதினோரு வருஷம் காத்திருந்த பிள்ளையின் துணி நனைகிறது என்பது ஒன்றுதான் தெரிந்தது. ஓடிப்போய் டிக்கியை ஓங்கி அடைத்தான்.

மறுநாள் காலையில் டிக்கி நான்கு விரல் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. இடுக்கு வழியாக வெளிச்சம் கசிந்து, சகதியில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்திருந்தது. டிக்கி பல்பு ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரி போயிருக்குமே என்று வயிறெரிந்துகொண்டு வந்தவனுக்கு, பக்கத்தில் வந்த பிறகுதான் தன் வண்டி டிக்கியில் பல்பே கிடையாது என்பது ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தான். உள்ளே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நேற்றைய அதே ஒன்பது மணி வெயில், அதே சாய்வில், எங்கிருந்தோ வந்து ஸ்டெப்னியின் மேல் விழுந்து, ஸ்டெப்னியின் நிழல் ஜாக்கியின் மேல் விழுந்து, நடுவில் தூசி நிதானமாக மிதந்துகொண்டிருந்தது. துணிகள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. அவன் மூடியை அழுத்தினான், 'டக்' என்றது. கையை எடுத்தான், மூடி பெருமூச்சு விடுவதுபோல் மெல்ல மேலே வந்து நான்கு விரலில் நின்றது. மறுபடி அழுத்தினான், மறுபடி டக், மறுபடி நான்கு விரல்.

"அமலோ, டிக்கி அடைக்க மாட்டேங்குது" என்றான் உள்ளே பார்த்து.

அமலோற்பவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். துணியைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், புகை நாற்றம் போயிருந்தது. எல்லாவற்றையும் மடித்து டிக்கியின் மூலையில் வைத்தாள். "இங்கனயே இருக்கட்டும். வீட்டுக்குள்ள எடுத்தா திரும்ப ஈரம் ஏறிக்கும்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். வெயிலைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையே பதினோரு வருஷம் கழித்து வருகிறபோது, டிக்கியில் வெயில் வருவதைப் பெரிசாகக் கேட்க அவளுக்கு என்ன இருக்கிறது.

பாக்கியநாதனின் கவலை வேறு. தலைப்பிரசவம், வயசு தாண்டிய பிரசவம், வலி எடுத்ததும் பொள்ளாச்சிக்கு இறக்கிக் கொண்டுபோய்விட வேண்டும் என்று எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் தங்கமணி கண்டித்துச் சொல்லியிருந்தாள். பொள்ளாச்சிக்கு இறங்குகிற பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றை அடுத்து ஒன்று வரும். ஒவ்வொரு வளைவிலும் டிக்கி எழுந்து பின்கண்ணாடியை மறைத்தால், மழையில், மூடுபனியில், பின்சீட்டில் வலியோடு இருக்கிறவளை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது? டிக்கியைச் சரிபண்ண வேண்டும், அவளுக்கு நேரம் வருவதற்குள் சரிபண்ண வேண்டும், இதுதான் அவன் மனசில் ஓடியது. வெயில் எப்படி வந்தது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

வால்பாறை பஜாருக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற அனிபா பாய், ஒரு வண்டியைத் தொடுவதற்கு முன்னால் நோயாளியை விசாரிப்பதுபோல் விசாரிப்பார்.

"எப்பருந்து?"

"நேத்து மழையிலருந்து பாய்."

"பின்னால எங்கயாச்சும் இடிச்சியா?"

"இல்ல பாய்."

"மேல யாராச்சும் ஏறி உக்காந்தாங்களா?"

"இல்ல பாய்."

பாய் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டே, லாக்கின் நாக்கை ஒரு திருப்புளியால் அழுத்தினார். டக்கென்று பூட்டிக்கொண்டது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற லீவரை இழுக்கச் சொன்னார், விட்டது. லாக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் கிரீஸ் வைத்தார். கீழே இருக்கிற கொக்கியின் போல்ட்டைத் தளர்த்தி ஒரு நூலளவு இடது பக்கம் தள்ளினார், பிறகு அரை நூல் வலது பக்கம் தள்ளினார். ஓரத்து ரப்பரைத் தடவிப் பார்த்தார். கீலையும் ஸ்பிரிங்கையும் பார்த்தார். ஒரு தினசரித் தாளைக் கிழித்து இடுக்கில் வைத்து மூடி, எந்தப் பக்கம் பிடிக்கிறது எந்தப் பக்கம் விடுகிறது என்று இழுத்து இழுத்துப் பார்த்தார். இவ்வளவுக்கும் அவர் முகத்தின் மேல் வெயில் அடித்துக்கொண்டேதான் இருந்தது. பாக்கியநாதன் டார்ச் லைட்டைப் பிடித்தபோது, "அது எதுக்கு? உள்ளயே நல்ல வெளிச்சமா இருக்கே" என்று தள்ளிவிட்டார். வேலைக்கு நடுவில் தன் சட்டைப் பையிலிருந்து நமத்துப்போன பீடிக்கட்டை எடுத்து ஸ்டெப்னியின் மேல் காய வைத்தார்.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "லாக்குல கோளாறு இல்ல. மூடிலயும் இல்ல. உள்ள இருக்குறது அடங்க மாட்டேங்குது பாக்கியம். சூட்கேஸ்ல துணி ஜாஸ்தியாப் போச்சுன்னா ஏறி உக்காந்து மூடுவோமில்ல, அந்தக் கதை."

"அப்ப ஏறி உக்காந்து பாப்பமா பாய்?"

பாய் ஏறி உட்கார்ந்தார், பாக்கியநாதன் ஏறி உட்கார்ந்தான், டீ கொண்டுவந்த கடைக்காரரும் கிளாஸோடு ஏறி உட்கார்ந்தார். டக் என்றது. மூன்று பேரும் டீ குடித்து முடிக்கிறவரை அமைதியாக இருந்துவிட்டு, டிக்கி அவர்கள் மூவரையும் கிளாஸ் தளும்பாமல் தூக்கி நான்கு விரல் மேலே வைத்தது. பாக்கியநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் பீடியைப் பற்ற வைத்து, ஆடி மாதத்தில் ஒரே குச்சியில் பற்றிக்கொண்ட முதல் பீடி இதுதான் என்று சந்தோஷப்பட்டார்.

கயிறு கட்டி ஓட்டினான். அடுத்த வளைவிலேயே முடிச்சு இளகிக் கயிறு தொங்கியது, மூடி எழுந்தது, டிக்கி வெயில் பின்னால் இருந்த மூடுபனிக்குள் ஒரு தெருவளவு நீளத்துக்கு விழுந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர், ஏதோ ஒரு வண்டி தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே மலையேறுகிறது என்று நினைத்து ஹாரனை அடித்துத் திட்டினார். எஸ்டேட் எல்லைச் சோதனைச் சாவடியில் நிற்கிற வனக்காவலர் முருகவேள், யாராக இருந்தாலும் டிக்கியைத் திறந்து பார்த்துத்தான் விடுவார். அன்றைக்கும் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், பிறகு பூட்ஸைக் கழற்றி, மழை தொடங்கிய நாளிலிருந்து காயாத தன் காலுறைகளைப் பிழிந்து உள்ளே விரித்தார். "திரும்பி வரும்போது குடுத்திருங்க" என்று கேட்டைத் தூக்கிவிட்டார்.

எஸ்டேட்டில் விஷயம் பரவியதில் ஆச்சரியம் எதுவும் இல்லை, ஆச்சரியப்பட யாருக்கும் நேரமும் இல்லை. முதலில் பேச்சியம்மாள் ஒரு கம்பளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஒரு ஓரமாப் போட்டுக்கிறேன்யா, உன் பிள்ளைத் துணியத் தொட மாட்டேன்" என்றாள். அதற்கப்புறம் காலையில் அவன் கண்ணைத் திறப்பதற்குள் காரைச் சுற்றிக் குடைகள் நின்றன. பள்ளிக்கூடச் சீருடைகள் வந்தன, ஈரத்தில் முளைவிட்ட ராகி வந்தது, பூசணம் பிடித்த செருப்புகள் வந்தன, தீப்பெட்டிகள் வந்தன, மிளகு வந்தது, அப்பளம் வந்தது, கோயில் விபூதி கட்டி தட்டிப்போய் ஒரு தாம்பாளத்தில் வந்தது, சர்ச்சுத் திரைச்சீலை நாலு பேர் பிடித்துக்கொண்டு வந்தது, மேனேஜர் பங்களாவிலிருந்து பெயர் சொல்லக் கூடாத உள்ளாடைகள் ஒரு மூடிய கூடையில் வந்தன. பூசாரி அது மாரியம்மன் கொடுத்தது என்றார், சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை அது மாதா கொடுத்தது என்றார், இரண்டு பேரும் காலை நேரத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் மட்டும், "யாரும் குடுக்கல. இவன் அவசரப்பட்டு மூடினான், அது உள்ள மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்" என்றாள். அதை ஒத்துக்கொண்டால் மேலே பேச ஒன்றும் இருக்காது என்பதால் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்படி ஊரே காய்ந்துகொண்டிருக்க, பாக்கியநாதன் மட்டும் உள்ளுக்குள் நனைந்துகொண்டிருந்தான். சவாரி குறைந்துவிட்டது. கோயம்புத்தூருக்குப் போகிற ஒருத்தர் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிய சாக்லெட்டை டிக்கியில் வைத்துக் குழம்பாக வாங்கிக்கொண்டு இறங்கினார். அமலோற்பவத்தின் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. நாள் நெருங்க நெருங்க அவன் டிக்கியை அழுத்துவதும், அது எழுவதும், அவன் மறுபடி அழுத்துவதுமாக இருந்தான். பக்கத்தில் போனாலே டக் டக்கென்று சத்தம் கேட்டது. நாம் என்ன தப்புச் செய்தோம், மூடியை மூடினோம், மூடிக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போதுதான் அவன் கவனித்தான், பேச்சியம்மாள் கம்பளி போட்ட நாளில் நான்கு விரல் தூக்கிய மூடி, இப்போது மூன்று விரல்தான் தூக்குகிறது. யோசித்தான். கம்பளி காய்ந்தது, சீருடை காய்ந்தது, ராகி காய்ந்தது, காயக் காய உள்ளே இருக்கிறது தீர்கிறது, தீர்ந்தால் மூடும். அவனுக்கு ஜென்மத்தில் வராத உற்சாகம் வந்தது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "காயாதது ஏதாச்சும் இருந்தா குடுங்கக்கா" என்று கேட்டு வாங்கினான். காய்ந்ததையே மறுபடி நனைத்துக் கொண்டுவரச் சொன்னான். அதுவும் போதாமல், ஒரு நாள் காரைத் தேயிலைக் காட்டுக்கு நடுவில் மேட்டில் கொண்டுபோய் நிறுத்தி, டிக்கியை அகலத் திறந்து வைத்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை குடைக்குள் காவல் உட்கார்ந்தான். வெயில் சரிவில் வழிந்து இறங்கியது. அந்த ஒரு துண்டுச் சரிவில் மட்டும் செடிகளிலிருந்து ஆவி கிளம்பியது, எங்கிருந்தோ வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, அட்டைகள் அலறியடித்துக்கொண்டு புதருக்குள் போயின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவன் அழகைப் பார்க்கவில்லை, மூடியைத்தான் பார்த்தான். சாயங்காலம் அடைத்தபோது ஒரு விரலுக்கும் குறைவாகவே தூக்கியது. இன்னும் ஒரு நாள் போதும் என்று விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வீட்டுக்கு வந்தபோது அமலோற்பவம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளுக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து எஸ்டேட் வாசல்வரைதான் போக முடிந்தது. அங்கே மலையே பாதையின் மேல் உட்கார்ந்திருந்தது. மண்ணும் பாறையும் வேரோடு மரங்களும் சரிந்து கிடக்க, எஸ்டேட்டுக்கு இருந்த ஒரே வழி அடைபட்டிருந்தது. காரைத் திருப்பிக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். நர்ஸ் தங்கமணி அவனைத் திட்டிக்கொண்டும், அமலோற்பவத்தைக் கொஞ்சிக்கொண்டும், மாதாவையும் மாரியம்மனையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டும் பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. சின்னதாக இருந்தது, ஆனால் ஆஸ்பத்திரித் தகரக் கூரையில் விழுகிற மழையை மீறி அழுதது. பாக்கியநாதன் வராந்தாவில் உட்கார்ந்து அதைவிடச் சத்தமாக அழுதான்.

மூன்றாம் நாள் குழந்தையின் கண் மஞ்சளானது. மறுநாள் நெஞ்சு மஞ்சளாகி, சாயங்காலத்துக்குள் கால்வரை இறங்கிவிட்டது. குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது. நர்ஸ் கட்டை விரலால் அதன் பாதத்தை அழுத்தி எடுத்துப் பார்த்தாள், அழுத்திய இடமும் மஞ்சளாகவே இருந்தது.

"லைட்டுக்கு அடியில வைக்கணும் பாக்கியம். லைட்டு மிஷின் கீழதான் இருக்கு. மண்ணள்ளுற வண்டி வந்து வழி திறக்க இன்னும் எத்தன நாளாகுமோ. காலை வெயிலாவது கொஞ்சம் இருந்தாலும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள். அமலோற்பவமும் பார்த்தாள். வராந்தாவில் நின்ற பேச்சியம்மாளும் பார்த்தாள்.

பாக்கியநாதன் மட்டும் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

மழையில் போய் டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னியின் மேல் வெயில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, வடிகட்டி வடிகட்டி வெளுத்துப்போன டீயைப் போல விழுந்துகொண்டிருந்தது. நிழல்கூட விழவில்லை. தேயிலைச் சரிவில் அவன் சாயங்காலம்வரை குடை பிடித்துக்கொண்டு கொட்டிய வெயில் அவன் கண்ணுக்குள் ஓடியது. அந்த வண்ணத்துப்பூச்சிகள், அந்த ஆவி, அந்த விசில், எல்லாம் ஓடியது. பதினோரு வருஷம் ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்தவன், அந்தப் பிள்ளைக்கு வேண்டியதைத் தன் கையால் அட்டைக்கும் பூச்சிக்கும் ஊற்றிவிட்டு வந்திருக்கிறான். மண்டியிட்டு, சகதியில், பம்பரில் தலையை முட்டிக்கொண்டு, "நாந்தான் கொட்டினேன் அமலோ, நாந்தான் கொட்டினேன்" என்று கதறினான்.

அமலோற்பவம் குழந்தையைச் சேலைத் தலைப்புக்குள் பொத்திக்கொண்டு மழைக்குள் இறங்கி வந்தாள். டிக்கியின் மூலையிலிருந்து மடித்து வைத்த வேட்டித் துணிகளை எடுத்தாள். ஒன்றை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள், ஒன்றை மடித்துக் கண்ணுக்கு மறைப்பாக வைத்தாள், தானும் டிக்கி விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். துணிகளை எடுத்து உதறியபோது வெயில் கொஞ்சம், ஒரு இணுக்கு, கூடியது. பாக்கியநாதன் அதைப் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் பார்த்தாள்.

அவள் லைன் வீட்டுக்குப் போய்த் தன் கம்பளியை மழைபடாமல் பிளாஸ்டிக் படுதாவில் சுற்றிக்கொண்டு வந்தாள். டிக்கிக்குள் பிடித்து, தூசு தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு கை வெயில் பொலபொலவென்று உதிர்ந்து குழந்தையின் வயிற்றில் விழுந்தது.

"உன் டிக்கில காஞ்சதுதானய்யா" என்றாள். பிறகு லைன் வீடுகளின் பக்கம் திரும்பி, கணவனையும் இரண்டு மேனேஜர்களையும் அடக்கிய அந்தக் குரலை எடுத்தாள். "காஞ்சதையெல்லாம் கொண்டாங்கடி!"

கொண்டுவந்தார்கள். குடைகளுக்குள்ளும் சேலைத் தலைப்புக்குள்ளும் ஒளித்துக் கொண்டுவந்தார்கள். சீருடைகளைப் பிள்ளைகளின் உடம்பிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார்கள். ராகியை முறத்தில் கொண்டுவந்து புடைத்தார்கள், புடைக்கப் புடைக்க உமி பறக்காமல் வெயில் பறந்தது. தீப்பெட்டிகளைத் திறந்து கவிழ்த்தார்கள். செருப்புகளை, குழந்தை இருக்கிற இடம் என்பதால் கொஞ்சம் கூசி, ஒரு ஓரமாகத் தட்டினார்கள். விபூதித் தாம்பாளமும் சர்ச்சுத் திரைச்சீலையும் ஒன்றாகவே வந்தன, யார் முதலில் என்று யாரும் கேட்கவில்லை. பங்களாவிலிருந்து அந்த மூடிய கூடையை மேனேஜரே தலையைக் குனிந்துகொண்டு எடுத்து வந்தார். அப்பளம் கொடுத்த வீட்டார்தான் பாவம், அதைப் பொரித்துத் தின்று தீர்த்துவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் குடும்பத்தோடு வந்து டிக்கிக்கு முன்னால் வயிற்றைக் காட்டி நின்றார்கள், அவர்களிடமிருந்தும் கொஞ்சம் வந்தது என்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கடைசியாக, சரிந்து கிடந்த மண்மேட்டை ஏறிக் கடந்து, முழங்கால்வரை சேறாக, வெறுங்காலோடு வனக்காவலர் முருகவேள் வந்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே காலுறைகள். "திரும்பப் போட்டுக்க மனசு வரலைங்க" என்றார்.

வெயிலுக்குப் பழைய சாய்வு திரும்பியது. ஸ்டெப்னிக்கு நிழல் திரும்பியது. நடுவில் தூசி மிதந்தது. டிக்கிக்குள் மறுபடி காலை ஒன்பது மணியானது.

அமலோற்பவம் அங்கேயே இருந்தாள். பேச்சியம்மாள் குடை பிடித்தாள், அவள் கை வலித்தபோது வேறொருத்தி பிடித்தாள், சுற்றிலும் ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்தது, டிக்கிக்குள் ஒரு பெண் குழந்தை வெயிலில் கிடந்தது. பால் கொடுப்பதற்கு எடுப்பாள், மறுபடி கிடத்துவாள், திருப்பிப் போடுவாள். நர்ஸ் வந்து கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போவாள். பாதம் முதலில் வெளுத்தது. பிறகு தொடை, பிறகு வயிறு. குழந்தை தானாக விழித்துப் பாலுக்கு அழுதது. மஞ்சள் இறங்கிய வழியிலேயே மேலே மேலே போய், கண்ணில் ஒரு சொட்டாக நின்று, ஒரு நாள் அதுவும் இல்லாமல் போனது. பாக்கியநாதன் காருக்குப் பக்கத்திலேயே நின்றான். இது எப்படி நடக்கிறது என்று ஒருவரும் அவனுக்கு விளக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. புரியாததைப் பார்த்துப் பயப்படுவதை மட்டும் விட்டுவிட்டான்.

வழி திறந்ததும் பொள்ளாச்சிக்கு இறங்கினார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, நல்லா இருக்கிறாள், எங்கே லைட்டில் வைத்தீர்கள் என்று கேட்டாள். "டிக்கிலங்க" என்றான் பாக்கியநாதன். வரிசையில் இன்னும் நிறையப் பேர் நின்றதால் அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

கிளம்பும்போது துணிப்பையை டிக்கியில் வைத்து, பழக்கத்தில் மூடியை அழுத்தினான். டக் என்றது. கையை எடுத்தான். மூடி வரவில்லை. காத்திருந்தான். சாவி போட்டுத் திறந்து பார்த்தான். உள்ளே இருட்டு, பெட்ரோல் வாடை, ஒரு ஸ்டெப்னி, ஒரு ஜாக்கி. எத்தனை நாள் எந்தச் சத்தத்துக்காக ஏங்கினானோ அந்தச் சத்தம் காதில் விழுந்தபோது, அவனுக்கு யாரோ வீட்டைவிட்டுப் போனது மாதிரி இருந்தது. மலை ஏறுகிற வழி முழுக்க, எல்லா வளைவிலும், டிக்கி ஒரு தடவைகூட அசையவில்லை.

எஸ்டேட்டில் யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. துணிகள் மறுபடி ஈரமாயின, செருப்புகளில் மறுபடி பூசணம் பிடித்தது, அனிபா பாயின் பீடி மறுபடி நாலு குச்சி கேட்டது. ஆவணியில் பேச்சியம்மாளின் மருமகள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. கணக்குப் போட்டால் அடுத்த மழை தொடங்கும்போது கையில் பச்சைப்பிள்ளை இருக்கும். பேச்சியம்மாள் அதை அவனிடம் சொல்லிவிட்டு, காரை ஒரு தரம் பார்த்துவிட்டு, வேறு பேச்சுப் பேசிக்கொண்டு போனாள்.

அந்த மாதக் கடைசியில், யாரும் எதிர்பார்க்காமல், மறுபடி ஒரு காலை வெயில் அடித்தது. பாக்கியநாதன் ஓடிப்போய் டிக்கியைத் திறந்தான். மகளின் துணிகளை உள்ளே விரித்தான். லைன் வீடுகளின் வாசல்களில் எல்லோரும் வந்து நின்றார்கள். வெயில் இருக்கும்போதே மழை பிடித்தது. முறை தெரிந்த அத்தனை பேரும், முறை கெட்டவன் ஒருவனாவது இருக்கிறானே என்ற நிம்மதியில் அவனையே பார்த்தார்கள். வெயில் எழுந்து போவதற்குள் அவன் ஓங்கி அடைத்தான். டக். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தான், இடுக்கில்லாமல் மூடியிருந்தது. திறந்தான், இருட்டு. துணிகள் ஈரமாகக் கிடந்தன. அழுத்தினான், டக். மறுபடி திறந்து அழுத்தினான், மறுபடி டக். எத்தனை தடவை செய்தாலும் எந்தத் தகராறும் இல்லாமல், சொன்ன பேச்சைக் கேட்டு, அழகாக மூடிக்கொண்டது.

அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வால்பாறைக்குப் போனான். அனிபா பாய் ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"என்ன பாக்கியம்?"

"டிக்கி பாய்" என்றான் பாக்கியநாதன். மூடியை அழுத்திக் காட்டினான். "நல்லா அடைக்குது. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

பாய் எழுந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். திருப்புளியை எடுத்துக்கொண்டு மூடியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"எப்பருந்து?" என்று கேட்டார்.